இடது கண்மலர்

பவளம் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி ஒட்டின இடத்தில் இல்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுத் தங்கைக்குப் பக்கத்தில் சரிந்தவள், உச்சிப்பொழுதில் எதற்கென்று தெரியாமல் விழித்துக்கொண்டாள். சன்னலில் ஒட்டியிருந்த கறுப்பு சார்ட் பேப்பரின் ஓரத்தில் வெயில் ஒரு நூலாக நின்றது. பக்கத்துப் பட்டறையில் பிரஸ் மெஷின் தொம், தொம் என்று தகரத்தை இடித்துக்கொண்டிருந்தது. பூ ஏற்றும் வண்டிக்காரர்கள் சாக்கடையோரம் கொட்டிவிட்டுப் போன ரோஜா அழுகி, இனிப்பும் நாற்றமுமாகக் கதவிடுக்கு வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் தினமும் உள்ளதுதான். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பகலை இருட்டாக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும். ஓசூரில் பாதி வாடகை வீடுகளின் சன்னல்கள் இப்படித்தான் கறுப்புக் கட்டிக்கொண்டு நிற்கும்.

மல்லாந்து படுத்திருந்த தங்கை லாவண்யாவின் இடது கண் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

இமையைத் தூக்கிக் கட்டுகிற ஆபரேஷன் முடிந்து வாரம் இரண்டாகிறது. தூங்கும்போது முழுக்க மூடாது, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று பெங்களூர் டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார். படுக்கும் முன்னால் கண் நிறைய ஆயின்மென்ட் போட்டு, இமையை இழுத்து மூடி, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும், பார்வைக்கே ஆபத்து. அந்த வேலை பவளத்தினுடையது. லாவண்யாவுக்கு ராத்திரி தனியாகப் படுக்கப் பயம். அக்கா வேலையிலிருந்து வரும்வரை போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பகலில் அக்காவோடு சேர்ந்துதான் தூங்குவாள்.

பவளம் தலையணையைத் தடவினாள். பாயை உதறினாள். பிளாஸ்திரி பீரோக் கண்ணாடியில் இருந்தது.

முகம் கழுவும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பது இந்த வீட்டுப் பழக்கம். தூக்கக் கலக்கத்தில் அந்த ஞாபகத்திலேயே பிய்த்து ஒட்டியிருப்பாள், கழுதை. பவளத்துக்குச் சிரிப்புக்கூட வந்தது. எடுக்கப் போனவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். சிரிப்பு நின்றது. பிளாஸ்திரி சரியாக அவளுடைய இடது கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. லாவண்யா அவளைவிட ஒரு சாண் குள்ளம்.

அந்த இடது கண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிங்காரப்பேட்டையில் அப்பா ரத்தினவேல் தன் இரண்டு பெண்களுக்கும் கொடுத்த ஒரே சொத்து, தூக்க முடியாத இடது இமை. பவளத்துக்கு அது கருவிழியையே மூடிக்கொண்டு தொங்கும். எதையும் பார்க்கத் தாடையை உயர்த்தி, புருவத்தை ஏற்றி, கீழ்நோக்கித்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 'தூங்குமூஞ்சி', வேலைக்கு வந்த இடத்தில் 'தலைக்கனம் பிடிச்சவ'. லாவண்யாவுக்கு அவ்வளவு இல்லை. பாதி மூடிய இமை. பார்க்கிறவர்களுக்கு ஒரு சொக்கல் மாதிரிகூட இருக்கும். கடவுளுக்கும் ஓரவஞ்சனை உண்டு என்று பவளம் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தாள்.

டாக்டரிடம் தங்கையைத்தான் காட்டப் போனார்கள். பவளம்தான், வந்ததுதான் வந்தோம் என்று, தன்னையும் பார்க்கச் சொன்னாள். டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். லேசாக இறங்கின இமைக்குச் சொட்டு மருந்து இருக்கிறது, ஊற்றினால் சில மணி நேரம் தூக்கி நிற்கும், இவர்களுக்குப் போதாது. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு கம்பி வைத்து இமையைத் தாங்கிப் பிடிக்கிற வழியும் உண்டு. சின்னவளுக்குத் தசையில் பலம் இருக்கிறது. அதைச் சுருக்கித் தைத்தால் போதும். பெரியவளுக்குத் தசையே செத்த மாதிரி. தொடையிலிருந்து ஒரு நார் எடுத்து, இமையை நெற்றியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

"கட்டினா பாக்க நல்லாருக்கும்மா. ஆனா பார்வை வராது. சின்ன வயசுலயே தொறந்து விட்டிருக்கணும். மூடியே கெடந்த கண்ணு பாக்கக் கத்துக்கலை."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பவளம் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரும்வரை வலது கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் எதற்கு இப்போது அவசரமாக? சுரேந்தருக்காக. அதுதான் வயிற்றெரிச்சல். சுரேந்தர் அவளுடைய லைன் லீடர். பச்சை சர்க்யூட் போர்டுகளில் பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று விளக்குக்கடியில் பார்த்து ஒதுக்குவது பவளத்தின் வேலை. "ரெண்டு கண்ணை வச்சிக்கினு நாங்க வுடறத நீ ஒத்தக் கண்ணுல புடிச்சிடற பவளம்" என்று ஒருநாள் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷம் ஓட்டினாள். பிறகு அவன் அம்மா பெண் கேட்டு வந்தாள். பவளம் தாவணிக் காலத்துக் கம்மலைக்கூடத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். வந்தவள் கேட்டது சின்னவளை. கம்பெனி ஆயுத பூஜைக்குத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனது பவளமேதான்.

இமையை மட்டும் சரிசெய்துவிட்டால் நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சரிசெய்தார்கள்.

அதற்கு மேல்தான் அந்தக் காரியம் நடந்தது. கண் நல்லபடியானால் வெள்ளிக் கண்மலர் போடுவதாக லாவண்யா ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் போனால் தூசு படும், போகக்கூடாது. கண்மலர் ஜோடியைத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, "அக்கா, என் பேரச் சொல்லி நீ போட்டுட்டு வந்துடு" என்று கொடுத்தாள். வார லீவில் பவளம் ஊத்தங்கரை பஸ் ஏறினாள். கோயிலில் ஆளில்லை. உண்டியலுக்கு முன்னால் துணியை அவிழ்த்தாள். தகட்டில் வரைந்த இரண்டு கண்கள், அகலத் திறந்து அவளைப் பார்த்தன. ஜோடியைப் பிரிக்கக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பவளம் வலது கண்ணை மட்டும் உண்டியலில் போட்டாள். இடதை எடுத்துத் தன் தொங்கும் இமைமேல் அழுத்தினாள். வெள்ளி சில்லென்றிருந்தது.

"அவளுக்குத் தொறந்தத எனக்குத் தொற. அவ கண்ணு எனக்கு வரட்டும்."

வாய்விட்டே சொன்னாள். அந்தத் தகடு அன்றிலிருந்து அவளுடைய பர்ஸில், கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. பிளாஸ்திரி இடம் மாற ஆரம்பித்தது அதற்கு மறுநாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணடி வெளியாளிடமிருந்துதான் வரும் என்று நினைத்து, வீட்டுக்கார அம்மா வாசலில் பூசணிக்காய் கட்டியிருந்தாள்.

அடுத்த பகலில் பவளம் பிளாஸ்திரியை இரண்டாக ஒட்டினாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பிரஸ் மெஷின் சத்தம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றது. அது நின்றதும், இத்தனை நேரம் அந்தச் சத்தத்துக்கு அடியில் ஏதோ ஒன்று பதுங்கியிருந்ததுபோலப் பிடரியில் ஒரு கூச்சம் ஊறியது. யாரோ பார்க்கிறார்கள். பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒருத்தன் முறைத்தால் திரும்பாமலே தெரியுமே, அதே கூச்சம். கொசுவர்த்திச் சாம்பல் உதிர்கிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. திரும்பினாள்.

பிளாஸ்திரி இரண்டும் கண்ணாடியில் இருந்தன. லாவண்யாவின் கண் திறந்திருந்தது.

தூங்கும்போது கருவிழி மேலே ஏறிக்கொள்ளும், வெள்ளைதான் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படாதீங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளை தெரியவில்லை. ஆயின்மென்ட் பளபளப்புக்கு நடுவில் கருவிழி இருந்தது. பவளம் கையூன்றி எழுந்தாள். கருவிழி மேலே வந்தது. கதவுப் பக்கம் நகர்ந்தாள். கருவிழி கதவுப் பக்கம் வந்தது. லாவண்யாவின் வாய் லேசாகப் பிளந்து, சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"லாவி."

குறட்டை மாறவில்லை.

அன்று மாலை சமையல் மேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே லாவண்யாதான் பேச்செடுத்தாள். ஆபரேஷன் ஆன கண் அகலமாக, தெளிவாக, மற்றதற்குச் சமமாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அக்கா, ஒரே கனவா வருதுக்கா. பெரிய ஹாலு. வெள்ள லைட்டு. நான் ஒரு பச்சப் பலகைய உத்து உத்துப் பாத்துக்கினே இருக்கறேன். பலகையில எறும்பாட்டம் என்னென்னமோ ஒட்டியிருக்குது. கண்ணு வலிக்குது. மூடலாம்னா முடியல. ஒரு கண்ணுலதான் தெரியுது."

பவளம் டம்ளரை மேடையில் வைத்தாள். ஆயுத பூஜைக்கு வந்தபோது கம்பெனி கேட்டுக்கு உள்ளே பந்தல்வரை மட்டும்தான் விட்டார்கள். வேலை நடக்கிற லைனை லாவண்யா பார்த்ததே இல்லை.

"மாத்திரயோட சூடா இருக்கும்" என்றாள் பவளம்.

"இருக்கும். நீ பக்கத்துல இருந்தாதான் எனக்குத் தூக்கமே வருதுக்கா."

பவளத்துக்கும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலையில் இருக்கும்போது இடது கண் பக்கம், என்றைக்கும் வெறும் மூட்டமாக இருக்கிற இடத்தில், ஒரு நொடி ஏதோ தெளிந்து மறையும். கறுப்பாக ஒரு சதுரம். அதன் ஓரத்தில் ஒரு நூல் வெளிச்சம். பயமாக இருந்தது. அதைவிட, சந்தோஷமாக இருந்தது. கண் கற்றுக்கொள்கிறது. டாக்டருக்கு என்ன தெரியும்?

நிச்சயத்தன்று காலையில் பவளம் வீடு வந்தபோது வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. சிங்காரப்பேட்டையிலிருந்து அப்பாவும் அம்மாவும் மதியத்துக்கு மேல் வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாயும் நேரத்துக்கு. வீட்டுக்கார அம்மா ஈரத்துணியில் சுற்றிய மல்லிகையைக் கொடுத்து, கன்னடமும் தமிழுமாக, "ஊட்ட ஆய்த்தா? சாப்ட்டாச்சா? ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தூங்கி எந்திரிங்கம்மா. மூஞ்சி தெளிவா இருக்கணும் இல்லியா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஃபேன் காற்று கண்ணில் படவே கூடாது என்பதால் டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மல்லிகையும் ரோஜா நாற்றமும் ஆயின்மென்ட் வாடையும் ஒன்றாகக் கலந்து அறை திணறியது.

பவளம் ஆயின்மென்ட் டியூபைத் திறந்தபோது லாவண்யாவின் போன் அடித்தது. சுரேந்தர். தங்கை போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். ஸ்பீக்கர் இல்லாமலே அவன் குரல் கேட்டது.

"சரி, தூங்கு. பவளம் அக்காவ கேட்டேன்னு சொல்லு."

அக்கா.

நேற்று ராத்திரிகூட லைனில் "பவளம்" என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனைவிட ஆறு மாதம் சின்னவள். டம்ளரை நீட்டிய கையும் அந்த வார்த்தையும் ஒரு வருஷமும் அந்த ஒற்றைச் சொல்லில் சாக்கடைக்குப் போயின.

லாவண்யா போனை வைத்துவிட்டு மல்லாந்து படுத்துக் கண்ணைக் காட்டினாள், தடுப்பூசிக்குக் கையைக் காட்டுகிற பிள்ளை மாதிரி. பவளம் டியூபை மூடினாள். வெறும் விரலால் இமையைத் தொட்டாள். பிளாஸ்திரியைப் பெயருக்கு ஒட்டி, தங்கை தூங்கும்வரை காத்திருந்தாள். குறட்டை வந்ததும் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரித்தெடுத்தாள். அன்றைக்கு அது தானாகப் போகவில்லை, அவளே எடுத்தாள்.

பிறகு டேபிள் ஃபேனைத் திருப்பினாள். முகத்துக்கு நேராக. கிட்டே இழுத்து வைத்தாள்.

படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள்.

பிரஸ் மெஷின் தொம், தொம். ஃபேன் உறுமியது. காற்று தங்கையின் மேல்தான் போனது. பவளத்தின் முதுகில்கூடப் படவில்லை. ஆனாலும் இடது கண் குளிர்ந்தது. முதலில் குளிர்ச்சி. பிறகு எரிச்சல். மிளகாய்த்தூள் பட்டதுபோல. இமை மூடித்தானே தொங்குகிறது, எரிவானேன் என்று உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். எரிச்சல் போகவில்லை.

வலது கண்ணுக்கு முன்னால் சுவர் இருந்தது. சுண்ணாம்பு உரிந்த இடம், பல்லி முட்டைத் தடம்.

இடது கண்ணுக்கு முன்னால் ஃபேன் சுற்றியது.

தெளிவாக. கம்பி கம்பியாக. நடுவில் பூப்போட்ட மூடி. கையை எடுத்தாள். ஃபேன். கையை வைத்தாள். ஃபேன். வலது கண்ணையும் இறுக மூடினாள். இருட்டில் ஃபேன் மட்டும் சுற்றியது.

பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

எழுந்தாள். எழுந்தபோது அந்தப் பார்வை எழவில்லை. அது தலையணையிலேயே கிடந்தது. கிடந்தபடி அது பார்த்தது: பக்கத்தில் ஒருத்தி எழுகிறாள். தாடையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிறாள். குனிகிறாள். தொங்கும் இமை. விரிந்த மூக்கு. பல்லைக் கடித்த வாய். பொறாமையில் தன் முகம் எப்படி இருக்கும் என்று பவளம் அதுவரை பார்த்ததில்லை.

ஸ்விட்சை அணைத்தாள். இறக்கைகள் தளர்ந்து நின்றன. வலது கண்ணில் நின்றன.

காற்று நிற்கவில்லை.

லாவண்யாவின் திறந்த கண் அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, மெல்ல, இமை இறங்கியது. கடைசி வெள்ளைக் கீற்றும் மறைந்தது. எல்லோருக்கும் மூடுவதுபோல முழுக்க மூடியது. பிறகு இரண்டு கண்களும் சேர்ந்து திறந்தன.

"என்னாக்கா? ஏன் அழற?"

பவளம் பர்ஸை எடுத்துக் கவிழ்த்தாள். அடையாள அட்டை விழுந்தது. சில்லறை விழுந்தது. தகடு இல்லை. உண்டியலில் சேர்த்துவிடுகிறேன் தாயே, இப்போதே பஸ் ஏறுகிறேன். பைக்குள் தேடினாள். பாயைப் புரட்டினாள். லாவண்யா லைட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதென்னது?"

பொட்டுகளுக்குக் கீழே, பவளத்தின் கண் உயரத்தில், வெள்ளிக் கண் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது.

லாவண்யா அதைப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பவளம் அடிக்காகக் காத்திருப்பவள்போல நின்றாள். திட்டியிருந்தால், ஊரைக் கூட்டியிருந்தால், ஒருவேளை அது அங்கேயே தீர்ந்திருக்கும். லாவண்யா கிட்டே வந்து அக்காவின் கையை விரித்து, தகட்டை வைத்து, விரல்களை மடக்கினாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனேக்கா. எனக்குச் சரியாயிடுச்சி. இது உனக்குத்தான். நீயே வச்சிக்க."

"வேண்டாம் லாவி. திருப்பி வாங்கிக்க. வாங்கிக்கடி."

"குடுத்தத வாங்குவாங்களா? போய் மூஞ்சி கழுவு."

பொழுது சாயும்போது ஹாலில் உட்கார இடமில்லை. படுக்கையறைச் சன்னல் பேப்பரைக் கிழித்துவிட்டார்கள். சுரேந்தரின் அம்மா லாவண்யாவின் தாடையைத் தொட்டு, "ரெண்டு கண்ணும் ஒரே அச்சா இருக்குது பாரு" என்றாள். எல்லோரும் பார்த்தார்கள். சுரேந்தர் பார்த்தான். பவளம் காப்பித் தட்டோடு சமையல் மேடை ஓரம் நின்றாள். அம்மா வந்து தோளைத் தட்டினாள்.

"எவ்ளோ நேரமா நிக்கற? கண்ண மூடிக்கினு தூங்கறியாடி?"

மூடித்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது என்றைக்கும்போலத் தொங்குகிற இமைதான். உள்ளே அதற்கு இமை இல்லை. மூடப் பார்த்தாள், மூட ஒன்றுமில்லை. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அங்கே டியூப் லைட் எரிந்தது, தரையில் வந்தவர்களின் பைகள் கிடந்தன, ஃபேன் ஒயர் சுற்றி மூலையில் நின்றது. வலது கண் அதைப் பார்த்தது.

இடது கண்ணில் அறை இருட்டாகவே இருந்தது. சன்னலில் கறுப்புப் பேப்பர். ஓரத்தில் நூல் வெளிச்சம். முகத்துக்கு நேராக ஃபேன். காற்று. காய்ந்துகொண்டே போகும் கருவிழி.

பக்கத்தில் பாய் சரசரத்தது.

படுத்திருந்தவள் எழுந்தாள். தாடையைத் தூக்கினாள். தொங்கும் இமைக்குக் கீழிருந்து, பல்லைக் கடித்த அதே முகத்தோடு பார்த்தாள். குனிந்தாள்.

கை நீட்டி, ஃபேனை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்தாள்.